மயான காண்டம் பாடும் தாத்தாவைத் தடுக்க வேண்டாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், அம்மா. தாத்தாவுக்கு 81 வயது. மேலூர்ப் பக்கத்துக் கிராமம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல், விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம். இப்போது இதயம் பலவீனமாகிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரவு பதினோரு மணிக்கு மேல் விழித்துக்கொண்டு அரிச்சந்திர மயான காண்டத்தைப் பாடுகிறார். நோயாளி இருக்கும் வீட்டில் சுடுகாட்டுப் பாட்டா என்று உங்கள் அப்பாவும் அத்தையும் பதறுகிறார்கள். பகலிலோ, 'என் பிழைப்பு வீணாகப் போய்விட்டது' என்கிறார். பாட்டை எப்படி நிறுத்துவது, என்ன சொல்லித் தேற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டை நிறுத்த வேண்டாம். தேற்றுவதற்கும் அவசரப்பட வேண்டாம்.

நான் மதுரையில் 38 ஆண்டுகள் பெட்டி வாசித்தவன். பெட்டி என்றால் ஆர்மோனியம். எங்கள் தொழிலில் அதை யாரும் ஆர்மோனியம் என்று சொல்வதில்லை. மேடையின் ஓரத்தில் பெட்டிக்காரன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நடிகரின் முகத்தில் பாதிதான் தெரியும். ஆனால் மூச்சு முழுதாகக் கேட்கும். எந்த இடத்தில் மூச்சை இழுப்பார், எங்கே திணறுவார், எங்கே திணறுவதைப் பாட்டின் நயமாக மாற்றிவிடுவார் என்பது அவர் மனைவியைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். ஸ்பெஷல் நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். பபூனும் டான்ஸும் வந்து சிரிக்க வைத்து, கூட்டம் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் ராஜபார்ட் மேடை ஏறுவார். அப்போது நடுநிசி நெருங்கியிருக்கும். பிறகு விடியும்வரை அவர் பாடு. நாற்பது ஆண்டுகள் அந்த நேரத்துக்கு அரிதாரம் பூசிக் காத்திருந்த உடம்பு, எண்பது வயதிலும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது. பேயும் இல்லை, அபசகுனமும் இல்லை. அது அவருடைய வேலை நேரம்.

அடுத்து, ஏன் மயான காண்டம்? வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவருக்கு எத்தனையோ பாடம் இருக்கும். அதில் இதை ஏன் எடுக்கிறார்? உங்கள் தலைமுறை அந்த நாடகத்தை முழு இரவு உட்கார்ந்து பார்த்திருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாட்டை இழந்து, மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் விற்று, கடைசியில் தன்னையும் வீரபாகுவிடம் விற்றுக்கொண்டு, சுடுகாட்டுக் காவலனாக நிற்கிறான் அரிச்சந்திரன். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுக்காமல் யாரையும் அங்கே எரிக்க விடக்கூடாது. பாம்பு கடித்து இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி தனியாக வருகிறாள். இருட்டில் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. கூலி கேட்கிறான். கையில் ஒன்றும் இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி மின்னுகிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்கிறான். அந்தத் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது அவள் பெற்ற வரம். அந்த ஒரு சொல்லில் அவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் ஊர்ச் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல்லோ சிறு கோயிலோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாடையை அங்கே இறக்கி வைத்து, அரிச்சந்திரனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். உங்கள் தாத்தா ஆண்டுக்கு எத்தனையோ இரவு அந்த வாசலில் காவலுக்கு நின்றவர். மற்றவர்கள் வாழ்நாளில் பத்து இருபது முறை சுடுகாட்டுக்குப் போய் வந்திருப்பார்கள். அவர் ஆயிரம் இரவு அங்கேயே நின்று கூலி கேட்டிருக்கிறார். சாவைப் பற்றிப் பேச உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வார்த்தை இல்லை. அவருக்கு ஒரு நாடகமே இருக்கிறது. தன்னை நோக்கி வருவதைத் தனக்குத் தெரிந்த ராகத்தில் பாடிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் 'உஷ், பாடாதே' என்று வாயை மூடினால், அவரிடம் இருக்கிற ஒரே மொழியையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-இல் எழுதியது இங்கே பொருந்தும். வயதானவர்கள் பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதை அதுவரை புத்தித் தளர்ச்சி என்று ஒதுக்கிவந்தார்கள். முடிவு நெருங்குகிறது என்று உணர்கிற மனம் வாழ்ந்ததை எடுத்துப் போட்டுக் கணக்குப் பார்ப்பது இயல்பு, அதற்கு ஒரு பயன் உண்டு என்று அவர் சொன்னார். நம் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றால் உங்கள் அப்பா காது கொடுப்பார் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இரவில் பாடுவது வேறு, திடீரென்று நிலைதடுமாறுவது வேறு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உங்களையே யாரென்று கேட்டால், இல்லாத ஆட்களோடு பேசினால், பகலெல்லாம் மயக்கமும் இரவெல்லாம் பதற்றமுமாக இருந்தால், அது நினைவு பேசுவதாக இருக்காது. சிறுநீரில் தொற்று, உடலில் உப்பு குறைவது, புதிதாகக் கொடுத்த மாத்திரை என்று காரணம் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றாலும் அப்படித்தான். இதயம் பலவீனமானவர்களுக்குத் தட்டையாகப் படுப்பதே கஷ்டம். முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். பாடுவதற்கும் அதுதான் வசதி. அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி 'வீண்' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ராஜபார்ட் இருந்தார். பெயர் வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குப் பெட்டி வாசித்திருக்கிறேன். அவருடைய கடைசி நான்கு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப் போய்ப் பெட்டியை வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேடையில் அவர் பாடியது நாலரைக் கட்டை. கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடக் கூடக் குரல் மேலே போக வேண்டும். மைக் இல்லாத காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்து நடிகர்கள் உச்சத்தில் பாடினார்கள். முதல் நாள் நான் அவரைக் கேட்காமல் இரண்டு கட்டையில் சுருதி பிடித்தேன். ஒரு விநாடி கேட்டுவிட்டு, கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணே. மூச்சு தாங்க வேண்டுமே."

"என்னுடைய கட்டையிலேயே வை. முடியாத இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். நீ வாசித்துக்கொண்டு போ."

அப்படியே வைத்தேன். பல்லவியில் பாதி பாடினார். மீதியைப் பெட்டி பாடியது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

இன்னொரு நாள் வள்ளி திருமணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த நாடகத்தில் முருகன் வேலனாகவும் வேடனாகவும் வந்து, கடைசியில் விருத்தனாக, பல்லுப்போன கிழவனாக வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்பான். விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டு, அவளை ஏமாற்றுவான். முப்பது வயது இளைஞன் முதுகை வளைத்துக் கோலூன்றி இருமிக்கொண்டு வருவதைப் பார்க்கவே மக்கள் காத்திருப்பார்கள். எங்கள் அண்ணன் அந்த இருமலுக்குப் பேர் வாங்கியவர். கட்டிலில் படுத்திருந்தவர் திடீரென்று, "அந்த இருமல் தப்பு தம்பி" என்றார். எனக்குப் புரியவில்லை. "தொண்டையிலிருந்து இருமினேன். கிழவன் அங்கிருந்து இருமுவதில்லை. இதோ, விலாவுக்குக் கீழே இருந்து வருகிறது. வந்த பிறகு கொஞ்ச நேரம் கண் தெரியாது. இது அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்." சொல்லிவிட்டு விலாவில் கை வைத்துக் காட்டினார். பிறகு மெதுவாக, "விடிந்தால் கழற்றி வைத்துவிடுவேன். இதைத்தான் கழற்ற முடியவில்லை" என்றார்.

தன் சாவுப் படுக்கையில் ஒருவர் தன் நடிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரிடம் போய், உங்கள் வாழ்க்கை வீணாகவில்லை என்று நான் ஆறுதல் சொல்ல வேண்டுமா? எனக்கு வாய் வரவில்லை. "எந்த இடத்தில், மறுபடி காட்டுங்கள்" என்றுதான் கேட்டேன். காட்டினார்.

மயான காண்டத்தில், தாலியைப் பார்த்துக் கேட்கும் அந்த இடத்தில், அவர் குரல் எப்போதும் ஒரு கணம் உள்ளே போய்விடும். இருபது ஆண்டுகளும் அப்படித்தான். அதை நான் பெரிய வித்தை என்று நினைத்து, அந்த இடைவெளிக்கு ஏற்றாற்போல் பெட்டியைத் தழைத்து வாசிப்பேன். கூட்டத்தில் பெண்கள் அழுவார்கள். இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு காரணத்தைச் சொன்னார். தொழிலில் தலையெடுத்த புதிதில், சொந்தமாக உடுப்பு இருந்தால்தான் நல்ல ஒப்பந்தம் வரும் என்று, மனைவியின் தாலித் தங்கத்தை அடகு வைத்து, ஜரிகை வைத்த நீல வெல்வெட் உடுப்பு தைத்துக்கொண்டார். சீசன் முடிந்ததும் மீட்டுவிடலாம் என்று நினைத்தார். மீட்கவில்லை, மூழ்கிப் போய்விட்டது. அந்த அம்மா நான்கு ஆண்டுகள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். "மேடையில் இன்னொருத்தி கழுத்தைப் பார்த்துத் தாலி மின்னுகிறதே என்று பாட வேண்டும். தொண்டை அடைத்துக்கொள்ளும். ஜனங்கள் அதற்குக் கை தட்டினார்கள், தம்பி."

அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கையை நிறுத்தாமல் சொன்னார்: "அந்த நீல உடுப்புதானே? உங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது."

அவ்வளவுதான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா கீரையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய காலைப் பிடித்துவிட்டார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். 'வீண்' என்று சொல்லும்போது உங்கள் தாத்தா நாடகத்தை மட்டும் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பங்குனி, சித்திரையில் திருவிழாக் காலம் தொடங்கினால் ராஜபார்ட் வீட்டில் இருக்க மாட்டார். இருந்தாலும் பகலெல்லாம் தூங்குவார். குழந்தைகள் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். மகன் எந்த வகுப்பு என்று தெரியாது. மகளுக்கு அம்மை போட்டதை மூன்றாம் நாள்தான் அறிந்திருப்பார். உங்கள் அப்பாவும் அத்தையும் அந்தப் பாட்டைக் கேட்டுப் பதறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் குரல்தான் அவர்கள் சின்ன வயதில் அப்பாவை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டு முடிந்த பிறகு தாத்தா சும்மா இருப்பாரே, அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். முடிந்தால் அப்பாவையும் இருக்கச் சொல்லுங்கள். பாட்டில் இல்லாத பேச்சு அப்போதுதான் வரும்.

எங்கள் நடிகர்களுக்கு ஒரு ஆசை உண்டு; அது நிறைவேறாததும் தாத்தாவை வாட்டலாம். மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டரில் இருக்கும் திருமங்கலத்தில் வாழ்ந்தவர் விசுவநாததாஸ். சுதந்திரப் பாட்டுகளை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. வேடத்தைக் கலைக்காமலே ஊர்வலம் போனதாகச் சொல்வார்கள். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் 'தாஸ் ஐயா போல மேடையிலேயே போய்விட வேண்டும்' என்பார்கள். கட்டிலில் கிடப்பதை அதனால் தோல்வி என்று நினைக்கிறார்கள்.

தாத்தா அப்படிச் சொன்னால் சங்கரதாஸ் சுவாமிகளை நினைவுபடுத்துங்கள். எல்லா நடிகரும் மேடை ஏறுமுன் கும்பிடுகிற ஆசான் அவர். 1918-இல் இதே மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இளம் வயதில் எமனாக வேடமிட்டு வந்தால் கூட்டம் நடுங்கும் என்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. எமன் வேடத்தில் முழங்கிய குரல் அது. அந்த நாட்களிலும் அவர் வளர்த்த பையன்கள் அவர் எழுதிய பாட்டையே மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். ஆசானும் படுக்கையில்தான் போனார் என்று தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் உசிலம்பட்டி அண்ணனிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "சுவாமிகளே பொறுத்துக்கொண்டார் என்றால் நான் யார்" என்றார்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆனால் மறைத்துவைத்து வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நடிகருக்குப் பதிவு பிடிக்கும். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. எந்த ஊர்த் திருவிழாவில் முதல் ராஜபார்ட், அன்று பெட்டி யார், மிருதங்கம் யார், எதிரே ஸ்திரீபார்ட் (கதாநாயகி) யார், அன்றைய சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் மழை வந்து கூட்டம் கலையாமல் நின்றது, மேடையில் பாட்டும் வசனமுமாக வாதாடும் தர்க்கத்தில் யாரிடம் தோற்றார் என்று கேளுங்கள். தோற்ற கதையைக் கட்டாயம் கேளுங்கள். ஜெயித்ததைவிட அதுதான் நன்றாக நினைவிருக்கும். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. தனித்தனியாக ஒப்பந்தமாகி, வெவ்வேறு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, அன்றிரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எல்லாம் மனப்பாடம். அதனால் அவரோடு போகிற மெட்டும் வசனமும் பல எந்தத் தாளிலும் இருக்காது. நோட்டுப் புத்தகம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பண உதவி பற்றியும் ஒரு வார்த்தை. நலிந்த நிலையில் உள்ள வயதான கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மாத நிதியுதவி தருகிறது. அவர் வாங்குகிறாரா என்று பாருங்கள். வாங்காவிட்டால் மதுரையில் உள்ள கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். நடிகர் சங்க உறுப்பினர் அட்டை, பழைய நோட்டீஸ், மேடைப் புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உதவிக்கு மட்டுமில்லை, அந்த நோட்டீஸைக் கையில் கொடுத்தால் அவருக்குப் பேச்சு வரும்.

வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். முத்துவெள்ளை, அரிதாரம், செந்தூரம், காய்ந்துபோன மை, ஜடாமுடி, கிரீடம். இடத்தை அடைக்கிறது என்று யாராவது தூக்கிப் போடுமுன் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து காட்டுங்கள். எந்தப் பொருள் யாருக்கு என்று அவரே சொல்லட்டும்.

இன்று இரவு பதினோரு மணிக்கு முன்பே முதுகுக்குத் தலையணை வைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்குக்குள் கொடுங்கள். பெட்டி கிடைக்காவிட்டால் கைப்பேசியில் சுருதி வைக்கலாம். எந்தக் கட்டை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தாத்தாவைக் கேளுங்கள். அவர் சொன்ன கட்டையிலேயே வையுங்கள்.